டர்பன் குளிர்காலத்தில் பனிமனிதனுக்கு என்ன வேலை?

கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மகளுக்கு நாலு வயது என்று எழுதியிருந்தீர்கள். ஜூன் மாதம் கிரெஷில் குளிர்காலம் என்று ஒரு கட்டுத் தாள் கொடுத்தனுப்பினார்களாம்: பனிமனிதனுக்கு வண்ணம் அடி, பென்குயினை எண்ணு, குடைக்கு மேலே மழைத்துளி வரை. பிள்ளை எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்து, "பனி எங்கேம்மா?" என்று கேட்கிறாள். விடுமுறையில் வீட்டில், தமிழில், வேறு என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்ய ஆரம்பித்த வருடம், சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிப் பனிமனிதர்களை நிறுத்தியவள்தான். வெளியே நல்ல வெயில், இருபத்திரண்டு டிகிரி இருக்கும். மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் ஜெர்ஸியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வேர்த்த மூக்கோடு பனிமனிதனுக்குக் கேரட் மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பஞ்சைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அவனுக்கு அது பஞ்சுமிட்டாய். வேறு எதுவாக நினைப்பான்?

அந்தத் தாள்களில் இருப்பது வேறு யாரோ ஒருவருடைய குளிர்காலம். அதைச் செய்யவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு வயதுப் பிள்ளை தொட்டு, முகர்ந்து, எட்டிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். அதனால் உங்கள் வாசலில் என்ன குளிர்காலம் வந்திருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். டர்பனில் அது நிறையவே இருக்கிறது, பனியாக இல்லை, அவ்வளவுதான்.

மழையை முதலிலேயே தள்ளிவிடலாம். டர்பனுக்கு மழை கோடையில்தான். ஜூனும் ஜூலையும் வருடத்திலேயே வறண்ட மாதங்கள். குளிர்காலத்தில் மழை பெய்வது கேப்டவுன் பக்கம். பென்குயினும் அந்தப் பக்கத்துப் பறவைதான், அதுவும் சைமன்ஸ் டவுன் அருகே போல்டர்ஸ் கடற்கரையில் மணலில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கும். பென்குயின் என்றாலே பனிக்கட்டி மேல் நிற்கும் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் படத்தை ஒரு தடவை காட்டுங்கள். நல்ல பேச்சுக் கிளம்பும்.

சரி, நார்ட்ஜியிலிருந்து ஆரம்பிப்போம். மே மாதத்திலிருந்து ரோபோட் (இந்த ஊரில் சிக்னல் விளக்குக்கு அதுதான் பெயர்) அருகே காரை நிறுத்தினால் ஆரஞ்சு நிற வலைப்பையில் விற்றுக்கொண்டு வருவார்களே, அந்தப் பழம். நம் ஊரில் கமலா ஆரஞ்சு என்போம். நார்ட்ஜி என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல் நம் ‘நாரத்தை’யிலிருந்து வந்தது என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. நாரத்தை வேறு பழம், ஊறுகாய்க்குப் போகிறது, ஆனாலும் சொல் கடல் தாண்டி வந்து இங்கே ஒரு இனிப்பான பழத்தில் ஒட்டிக்கொண்டது. உங்கள் மகள் கிரெஷில் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பாதித் தமிழ் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு பழத்தை அவள் கையில் கொடுத்து, உரிக்கும் முன் கேளுங்கள்: உள்ளே எத்தனை சுளை இருக்கும்? நாலு வயதில் ‘நூறு’ என்று சொல்லும், ‘ரெண்டு’ என்று சொல்லும். சொன்னதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு அவளே உரிக்கட்டும். தொடங்குவதற்கு மட்டும் காம்புப் பக்கம் நகத்தால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தால் போதும். மீதி உரிப்பது விரலுக்கு வேலை. பென்சில் பிடிக்கப்போகிற விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த அச்சுத் தாளிலும் இல்லை. சுளைகளை வட்டமாக அடுக்கி எண்ணுங்கள். அடுத்த பழத்துக்கு மறுபடியும் ஊகம் கேளுங்கள். மூன்றாவது பழத்தில் ஊகம் பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது எப்படி வந்தது? அதுதான் கணக்கு. கொட்டையை மட்டும் கவனியுங்கள், கூடவே மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் சுளையை நறுக்கிக் கொடுங்கள்.

தோலைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு துண்டை வளைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பிழிந்தால் எண்ணெய் தூவானமாகத் தெறிப்பது கண்ணுக்குத் தெரியும். (பிள்ளையின் கண் பக்கம் வேண்டாம்.) ஒரு தட்டில் வெயிலில் காய வையுங்கள், தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெத்து, வதங்கல், விறைப்பு, மொறுமொறுப்பு: நாலு நாளில் நாலு சொல். ‘காய்தல்’ என்பதைக் கையால் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, குளிர்காலத்தில் உதடு ஏன் வெடிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பிடித்துக்கொள்ளும்.

அந்த வலைப்பையும் வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

இந்த ஊர்க் குளிர்காலத்தின் பெரிய நாடகம் கடலில் நடக்கிறது. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கூட்டமாகத் தெற்கிலிருந்து நம் கரையோரமாக ஏறி வரும். உங்களுக்கு மத்தி, எங்கள் தாத்தா வாயில் சாளை, இங்கே சார்டின். வழக்கமாக இந்தக் கரையை ஒட்டி வெதுவெதுப்பான அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. மத்திக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் பிடிக்கும். குளிர்காலத்தில் கரைக்கும் நீரோட்டத்துக்கும் நடுவே குளிர்ந்த நீர் ஒரு ஒடுக்கமான பாதை மாதிரி விழுகிறது, அந்தப் பாதையில் மீன் வந்துவிடுகிறது. பின்னாலேயே டால்ஃபின், சுறா, மேலேயிருந்து அம்பு மாதிரி பாயும் கேனட் பறவைகள். ஸ்காட்பர்க், பார்க் ரைனி பக்கம் கரைவலை இழுக்கும் நாளில் ஊரே வாளியோடு நிற்கும். இந்தக் கரையில் வலை இழுத்தவர்களில் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பல தலைமுறையாக உண்டு. சில வருடம் மீன் கொட்டும், சில வருடம் ஏமாற்றும். அதனால் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று பிள்ளையிடம் முன்கூட்டி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கடற்கரை கிடைக்காவிட்டால் குளியலறை இருக்கிறது. ஒரு பெரிய பேசினில் தண்ணீர், அதில் பால் டப்பாவின் மூடியையோ மெழுகுத் தாளையோ வெட்டிய மீன்கள் ஒரு இருபது. நார்ட்ஜி வலைப்பையை ஒரு பக்கம் வெட்டி விரித்தால் அதுதான் கரைவலை. படகு வலையை அரைவட்டமாகக் கொண்டுபோய் விடும், இரண்டு முனையையும் கரையில் நிற்பவர்கள் சேர்த்து இழுப்பார்கள். ஒரு முனை அவள் கையில், இன்னொரு முனை உங்கள் கையில். ஒருவர் வேகமாக இழுத்தால் மீன் அந்தப் பக்கம் வழிந்து தப்பிவிடும், இரண்டு பேரும் ஒரே வேகத்தில் இழுத்தால்தான் மாட்டும். ‘ஏலேலோ’ சொல்லிக்கொண்டு இழுங்கள், தாளம் தானாக வரும். என் வகுப்பில் ரொம்ப அடம்பிடிக்கிற ஒரு பெண், அடுத்த பிள்ளைக்காகக் காத்திருந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது இந்த வலையின் முனையில்தான். பிடித்த மீனை ஐந்து ஐந்தாக அடுக்குங்கள். பக்கத்தில் இரண்டு கிண்ணம் வையுங்கள், ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வெதுவெதுப்பான தண்ணீர். கையை விட்டுப் பார்த்துவிட்டு மத்தி எந்தப் பக்கம் போகும் என்று அவளே சொல்லட்டும்.

சந்தையில் மத்தி கிடைத்த அன்று, கழுவும் முன் ஒன்றை அவளிடம் கொடுங்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பது, செதிலை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பது. மத்தியானம் குழம்பாகிவிடும் என்பதையும் மறைக்க வேண்டாம். பிள்ளைகள் நாம் நினைக்கிற அளவுக்கு அதிர்ச்சி ஆகிறதில்லை.

அடுத்தது ஐஸ். டர்பன் கரையில் தண்ணீர் இரவில் உறையாது. உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருந்தால், ஜூலையில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி இரவு புல்லில் வைக்கச் சொல்லுங்கள், காலையில் மேலே ஒரு ஆடை உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நமக்கு ஃப்ரீஸர்தான். ஆனால் ஐஸை வைத்துக்கொண்டு வெறுமனே விளையாடுவதை விட இந்த ஒன்றைச் செய்து பாருங்கள், எனக்கு இருப்பதிலேயே இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

ஒரே அளவில் மூன்று ஐஸ் கட்டி, மூன்று சாஸர். ஒன்று வெயிலில். ஒன்று நிழலில். இன்னொன்றை அவளுடைய கம்பளி ஜெர்ஸிக்குள் நன்றாகச் சுற்றி, அதுவும் நிழலில். எது முதலில் உருகும்? கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் ஜெர்ஸியைத்தான் காட்டும். ஜெர்ஸி சூடு அல்லவா, தினமும் காலையில் நாம்தானே சொல்லி மாட்டிவிடுகிறோம். இருபது நிமிடம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். வெயிலில் இருந்தது குளமாகியிருக்கும், நிழலில் இருந்தது குறுகியிருக்கும், ஜெர்ஸிக்குள் இருந்தது இன்னும் முழுசாக மினுங்கிக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்து முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பையன் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க மாத்தி வெச்சிட்டீங்க" என்றான். மறுபடி வைத்தோம். மறுபடியும் அப்படியே. யோசித்து யோசித்துக் கடைசியில், "ஜெர்ஸிக்குள்ள குளிரும் பூட்டிக்கிச்சு" என்றான். நான் அதைத் திருத்தவில்லை, நாலரை வயதுக்கு அது முக்கால்வாசி சரி. ஜெர்ஸி சூட்டை உண்டாக்குவதில்லை, கம்பளி இழைகளுக்குள் சிக்கிய காற்று சூடு கடப்பதைத் தடுக்கிறது. நம் உடம்புச் சூடு வெளியே போகாது, வெளிச் சூடு ஐஸுக்குள் வராது. முன்பெல்லாம் நம் ஊரில் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்துக் கோணியால் மூடி வைப்பார்களே, அதே சங்கதி.

ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸை உடனே நக்க விடாதீர்கள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடம் வெளியே வைத்து, மேலே ஈரம் வந்த பிறகு கொடுங்கள்.

உண்மையான பனி இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. டிராகன்ஸ்பர்க் மலையிலும், அதை ஒட்டிய பக்கத்து நாடான லெசோத்தோவிலும் குளிர்காலத்தில் விழும். 2023 ஜூலையில் ஜோஹானஸ்பர்க்கிலேயே விழுந்தது, பதினோரு வருடத்துக்குப் பிறகு. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பெய்த பனியில் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு வண்டிகள் இரவு முழுக்க நின்றன. அந்தப் படங்களைக் காட்டி, பனி மேலே மலையில் இருக்கிறது, நாம் கீழே கடல் பக்கத்தில் இருக்கிறோம் என்று சொன்னாலே அவளுடைய ‘எங்கேம்மா’வுக்கு ஒழுங்கான பதில் ஆகிவிடும்.

வடகரைப் பக்கம், டொங்காட், வெருலம் வழியாகப் போனால் வேறொன்று வானத்திலிருந்து விழுவதைக் காட்டலாம். கரும்பு வெட்டும் காலம், வெட்டும் முன் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள், கருகிய தாள் மாதிரி சாம்பல் நீள நீளமாகச் சுழன்று இறங்கும். துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் கோடு கோடாகக் கறை. எங்கள் ஆயா கொடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டே துணியை உள்ளே எடுப்பது என் குளிர்கால நினைவு. அந்தக் கரும்புக்காகத்தான் 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் மெட்ராஸிலிருந்து முதல் கூட்டம் இங்கே வந்து இறங்கியது. அதையெல்லாம் நாலு வயதுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு சாம்பல் துணுக்கைக் கையில் பிடித்து நசுக்கினால் பொடியாகிறதா இல்லையா, அது போதும்.

தோட்டத்தில், தெருவோரத்தில் கற்றாழை பூத்திருக்கும், சிவப்பாகவும் ஆரஞ்சாகவும் தீவட்டி மாதிரி. குளிர்காலத்தில்தான் பூக்கும். தேன்சிட்டு வரும், சத்தமில்லாமல் ஐந்து நிமிடம் நின்றால் போதும். நாலு வயதுக்கு ஐந்து நிமிடம் ரொம்ப நீளம், இரண்டு நிமிடத்தில் ஆரம்பியுங்கள். ஆகஸ்டு வாக்கில் இலையே இல்லாத மரத்தில் சிவப்புப் பூ பார்த்தால், அது நம் கல்யாண முருங்கையின் இந்த ஊர்ச் சொந்தக்காரன். அதன் சிவப்பு விதை அழகாக இருக்கும், விஷம். பொறுக்கிச் சேர்க்க விடாதீர்கள்.

இப்போது சொற்கள் விஷயம். நீங்கள் ஒரு சங்கடத்தைக் கவனித்திருப்பீர்கள். நம் பாட்டிலும் கதையிலும் குளிர் என்றால் மார்கழி. இங்கே மார்கழியில் விடியற்காலை ஐந்துக்கு முன்பே சூரியன் வந்துவிடும், வியர்வை வழியும். ‘மார்கழிக் குளிர்’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை நம்மை விசித்திரமாகப் பார்க்கும். ஆனால் ஆடி மட்டும் இரண்டு ஊருக்கும் பொருந்துகிறது, எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். ஆடி பாதியில் ஆகஸ்டு பிறக்கிறது, இந்த நாட்டில் ஆகஸ்டு என்றாலே காற்று. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்று சொல்லிவிட்டு வெளியே கூட்டிப் போங்கள். என்னென்ன பறக்கிறது, எது பறக்காது என்று சோதிக்கட்டும்: இலை, நார்ட்ஜி வலை, காலுறை, கரண்டி, கல். அம்மி வீட்டில் இல்லை என்றால் என்ன, இடிகல் இருக்குமே. அதே மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். வீட்டில் கூழ் கரைக்கும்போது மாவை அளந்து போடும் வேலையையும், அடுப்பில் ஏற்றும் முன் கட்டியில்லாமல் கலக்கும் வேலையையும் அவளிடம் விடுங்கள். கட்டி தட்டினால் தட்டட்டும்.

கூடவே ஒரு ஜூலுச் சொல்லும் கற்றுக்கொடுங்கள். ‘குளிருது’ என்பதற்கு ‘குயாபண்டா’. கிரெஷில் அவளைப் பார்த்துக்கொள்பவரிடம் காலையில் அவளாகவே இதைச் சொன்னால் கிடைக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அடுத்த சொல்லைக் கேட்டு வருவாள்.

துணி மடிக்கும் நேரத்தையும் விடாதீர்கள். காலுறைக்கு ஜோடி தேடுவது, ஜெர்ஸிப் பொத்தானைக் கீழேயிருந்து மேலே போடுவது, எல்லாம் படிப்புத்தான். மேலேயிருந்து போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும், மிஞ்சட்டும்.

இரவும் சீக்கிரம் வருகிறது. ஜூன் 21 வாக்கில் சூரியன் ஐந்து மணிக்கே போய்விடும், பகல் பத்தே கால் மணி நேரம்தான். கோடையில் ஏழரைக்குத் தூங்கப் போகிற பிள்ளைக்கு நட்சத்திரம் என்பதே பெரியவர்கள் சமாச்சாரம். இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே போய்ப் பார்க்கலாம். ஜூலை கடைசியில் ஏழு மணிக்கு விருச்சிகம் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். கேட்டை சிவப்பாக நடுவில், பின்னால் சுருண்ட வால். தேள் மாதிரியே இருக்கிறது என்று நாம் சொல்லாமலே கண்டுபிடிக்கக்கூடிய நட்சத்திரக் கூட்டம் வேறு அதிகம் இல்லை.

கடைசியாக நிழல். இதற்கு ஒரு சாக்பீஸ், ஒரு நூல்கண்டு, வெயில் விழும் சிமெண்டுத் தரை போதும். ஜூன் விடுமுறையில் ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு அவளை நேராக நிறுத்தி, காலைச் சுற்றி ஒரு கோடு, நிழலின் தலையில் ஒரு கோடு. நடுவில் நூலைப் பிடித்து வெட்டுங்கள். அவள் ஒரு மீட்டர் உயரம் என்றால் நிழல் அவளைவிட நீளமாக, ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வரும். டிசம்பரில் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்றால் அரைச் சாண் அளவுதான். குளிர்காலத்தில் சூரியன் வடக்கே தாழ்ந்து போகிறது, கோடையில் தலைக்கு மேலே ஏறுகிறது, ஆகவே இந்த வித்தியாசம். பூமி சாய்ந்திருப்பதால் வருவது இது. சூரியனுக்குக் கிட்டே, தூரம் என்ற கதை இல்லை. உங்களுக்கும் ஒரு வேடிக்கை உண்டு: கோயம்புத்தூரில் டிசம்பர் மத்தியான நிழல் வடக்கே விழும், டர்பனில் வருடம் முழுக்க மத்தியான நிழல் தெற்கேதான்.

நூலில் தேதியும் அவள் பெயரும் எழுதி ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, டிசம்பர் வரை அவள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு வருடம் சீட்டு ஒட்ட மறந்து, பதினாறு நூலும் ஒரே பாட்டிலில் சிக்கிக்கொண்டது. கடைசியில் பதினாறு பிள்ளைகளும் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே நீளமானது தன்னுடையதுதான் என்று சண்டை போட்டார்கள்.